ஷாக் அப்சர்பருக்குத் 'துள்ளடக்கி', ரீகாலுக்குக் 'குறைநீக்க அழைப்பு': என் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் எழுதும் பைக் கையேட்டில் ஷாக் அப்சர்பருக்கு என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்ற பேச்சில், 'அதிர்வுத் தாங்கி' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அப்படியே விட்டுவிடலாம் என்று இங்கே பலர் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பைக்கின் பின்சக்கர ஷாக் அப்சர்பரை எப்போது மாற்றுவது, எதை வாங்குவது, கம்பெனி ரீகால் (குறையுள்ள வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைப்பது) அறிவித்தால் என்ன செய்வது என்று சாதாரண வண்டிக்காரருக்குத் தமிழில் எழுதப்போகிறோம் என்றால் அந்தச் சொல் அவரைத் தவறான இடத்தில் கொண்டுபோய் விடும்.

முதலில் 'தாங்கி'. பேரிங்கைத்தான் தாங்கி என்று எழுதிவருகிறோம், பந்துத் தாங்கி, உருளைத் தாங்கி என்று. பின்னால் ஒரே ஷாக் (மோனோஷாக்) இருந்து, அதைப் பின்சக்கரப் பக்கத்தோடு லிங்கேஜ் என்ற சிறு கைகள் சேர்க்கும் வண்டியில் ஷாக்கைப் பிடிக்கும் மூட்டுகளிலேயே பேரிங் உண்டு, அது தேய்ந்துபோனால் 'அதிர்வுத் தாங்கியின் தாங்கி தேய்ந்துவிட்டது' என்றா எழுதுவது?

இதைவிடப் பெரிய சிக்கல் பொருளில் இருக்கிறது. வண்டியையும் ஆளையும் தாங்குவது வெளியே சுற்றியிருக்கும் சுருள்வில். அது மட்டும் இருந்தால் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறிய வண்டி அதற்கப்புறமும் மேலும் கீழும் ஆடிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தை நிறுத்துவது உள்ளே இருக்கும் எண்ணெய்க் குழல். தண்டின் முனையில் உள்ள பிஸ்டனின் சிறு துளைகள் வழியே எண்ணெய் நெருக்கிக்கொண்டு போகிறது, அதில் துள்ளலின் ஆற்றல் வெப்பமாக மாறி வெளியேறுகிறது. மோசமான சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுக் குழலைத் தொட்டால் சூடு தெரியும். இந்தப் பாகத்தில் பெரும்பாலும் கெடுவது எண்ணெய்ப் பகுதிதான், ஸ்பிரிங் அல்ல. ஆயில் சீல் கிழிந்து தண்டில் எண்ணெய் கசிகிற வண்டியை, 'தாங்க மாட்டேங்குது' என்று ஸ்பிரிங்கின் அடியில் இருக்கும் வளையத்தைத் திருகி இறுக்கிக்கொண்டே ஓட்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இறுக்கினால் வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்து நிற்கும், அவ்வளவுதான், சாதாரண ஸ்பிரிங்கின் விறைப்பு அதனால் கூடாது, போன எண்ணெயும் திரும்பி வராது. இதை விளக்குவதற்காகவே இந்த இறுக்கத்துக்கு, அதாவது ப்ரீலோடுக்கு, 'முன்சுமை' வேண்டாம், 'முன்னமுக்கம்' என்று வைக்கலாம் என்பேன். சுமை ஏறுவதற்கு முன்பே ஸ்பிரிங்கை அமுக்கி வைக்கிறோம், சொல்லும் அதையே சொல்கிறது.

சரி, புதுச் சொல்லை எங்கிருந்து எடுப்பது? புதுச்சேரி நெல்லித்தோப்பிலோ கடலூர் மஞ்சக்குப்பத்திலோ எந்தப் பட்டறையிலும் பாகத்தின் பெயர் 'ஷாக்', கொஞ்சம் நீட்டினால் 'ஷாக்கப்சர்'. ஆனால் குறையைச் சொல்லும்போது வண்டிக்காரர் நல்ல தமிழில் சொல்கிறார்: 'பின்னாடி ரொம்பத் துள்ளுதுண்ணே', 'ஸ்பீடு பிரேக்கர்ல தூக்கித் தூக்கிப் போடுது'. அந்தத் துள்ளுதலை அடக்குவது துள்ளடக்கி. தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வந்தால் இரட்டும், துள் என்பதோடு அடக்கி சேர்ந்து துள்ளடக்கி, புணர்ச்சியில் குறையில்லை. இயற்பியல் பாடநூலில் 'தடையுறு அலைவு' (ஆட்டம் மெல்லத் தணிந்து நிற்பது) இருப்பதால் 'தடையுறுப்பி' என்று வைக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். இயற்பியலுக்கு அது சரியாகப் பொருந்துகிறது, வகுப்பறையில் இருக்கட்டும். பட்டறையில் நின்று கேட்டு வாங்க வேண்டிய பொருளுக்கு வாயில் நிற்கும் பெயர் வேண்டும். அமுங்கும்போதும் மீளும்போதும் நடக்கும் வேலைகளைத் தனியே சொல்ல வேண்டிய இடத்தில் 'அமுங்கல் தணிப்பு', 'மீளல் தணிப்பு' போதும். 'அடக்கம்' என்று எழுதினால் வேறு பொருள் வந்துவிடும்.

அடுத்தது ரீகால். செய்திகளில் 'வண்டிகளைத் திரும்பப் பெறுகிறது' என்றே வருகிறது. படிக்கிறவர் வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்றோ பணம் திரும்ப வரும் என்றோ நினைக்கிறார். பெரும்பாலும் நடப்பது வேறு: சர்வீஸ் சென்டருக்குக் கூப்பிட்டு, குறையுள்ள பாகத்தைச் சோதித்து, இலவசமாக மாற்றித் தருவார்கள். 2021 டிசம்பரில் ராயல் என்ஃபீல்டு 26,300 கிளாசிக் 350 வண்டிகளுக்கு அறிவித்ததும் அப்படித்தான், பின்சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆர்மில் இருக்கும் பிரேக் ரியாக்‌ஷன் பிராக்கெட் என்ற சிறு பாகத்துக்காக. அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் 2018 முதல் 2024 வரையிலான சாஃப்ட்டெய்ல் வண்டிகளுக்கு அறிவித்தது பின் ஷாக்குக்காகவே. ஷாக்கின் அமைப்பைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரைப் பிடிக்கும் இணைப்பு உடைந்தால் அட்ஜஸ்டர் பின் டயரில் உரசும். இந்த வகைக்குக் 'குறைநீக்க அழைப்பு' என்று எழுதலாம். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 110ஏ பிரிவில் முழு விலையைத் திருப்பித் தரவோ வேறு வண்டி தரவோ வழியிருக்கிறது, அதைச் சொல்லும் இடத்தில் மட்டும் 'திரும்பப் பெறல்' நிற்கட்டும். அந்தப் பிரிவுக்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன, 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும்.

நம் பக்கத்தில் இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. புதுச்சேரிப் பதிவு வண்டியைக் கடலூர்க்காரர் பழையதாக வாங்குகிறார், பெயர் மாற்றாமலே ஓட்டுகிறார், கம்பெனியின் கடிதமோ குறுஞ்செய்தியோ முதல் உரிமையாளருக்குப் போய் நின்றுவிடுகிறது. ஆகவே கையேட்டில், 'பழைய வண்டி வாங்கியதும் அடிச்சட்ட எண்ணை (சேஸிஸ் நம்பர்) கொடுத்து குறைநீக்க அழைப்பு நிலுவையில் உள்ளதா என்று கேளுங்கள்' என்று தடித்த எழுத்தில் போட வேண்டும். நிலுவையில் இருந்தால் சொந்தக் காசில் ஷாக் மாற்ற ஓடவேண்டாம்.

அழைப்பு எதுவும் இல்லை, சாதாரணத் தேய்மானம்தான் என்றால் மாற்றுவது நம் செலவு. தேவனாம்பட்டினம், முதுநகர், வீராம்பட்டினம் என்று கடலோரத்தில் நிற்கும் வண்டிகளுக்கு உப்புக்காற்றில் தண்டின் குரோம் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும், அந்தப் புள்ளி ஒவ்வொரு முறை உள்ளே போய் வரும்போதும் சீலை அறுக்கும். சீலை மட்டும் மாற்றினால் புதுச் சீலும் அறுந்துபோகும் என்பதை எழுதாமல் விடக்கூடாது. சிறு வண்டிகளின் துள்ளடக்கி பெரும்பாலும் பிரித்துப் பழுது பார்க்க முடியாதபடி மூடி வருவது, அதற்குக் கம்பெனிப் பாகமோ கேப்ரியல், எண்டூரன்ஸ் போன்றவர்கள் அந்த மாடலுக்கென்றே விற்பதோ போதும். இரண்டு இருக்கும் வண்டியில் ஒன்றை மட்டும் மாற்றவே கூடாது, ஜோடியாகத்தான். ஓலின்ஸ், ஒய்எஸ்எஸ் போன்றவற்றில் பிரித்து எண்ணெயும் சீலும் மாற்றி நைட்ரஜனும் ஏற்றக்கூடிய வகைகள் உண்டு. விலை அதிகம், நீண்ட பயணம் போகிறவருக்கு அது தகும். எதை வாங்கினாலும் இரண்டு பொருத்துதுளைகளுக்கு இடையிலான நீளம் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். நீளம் கூடினால் ஸ்விங் ஆர்மின் கோணம் மாறும், செயின் தொய்வு மாறும், சைடு ஸ்டாண்டில் வண்டி அதிகமாகச் சாயும். இந்த அளவுக்குத் 'துளையிடை நீளம்' என்று எழுதியிருக்கிறேன்.

மோனோஷாக்குக்கு 'ஒற்றைத் துள்ளடக்கி', நைட்ரஜன் அடைத்ததற்கு 'வளிமத் துள்ளடக்கி' என்று மேலே கட்டிக்கொண்டு போகலாம். லிங்கேஜுக்கு மட்டும் 'இணைப்புக் கை' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன், பட்டறையில் வேறு சொல் கேட்டவர்கள் எழுதுங்கள். துள்ளடக்கிக்கு மறுப்பு இருந்தால் காரணத்தோடு இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள், அடுத்த அத்தியாயத்தை அந்தச் சொல்லை வைத்துத்தான் எழுதத் தொடங்கப்போகிறேன்.