செம்மஞ்சள் முதுகு மரங்கொத்தியும் மார்பில் கோடுள்ள வல்லூறும்: இவை எந்த இனம்?

உப்புவெளியான்:

வணக்கம். உப்புவெளியில் எங்கள் வளவுக்கு வரும் இரண்டு பறவைகளின் இனத்தை உறுதிசெய்ய முடியாமல் இருக்கிறேன்.

முதலாவது, பட்டுப்போன தென்னையைத் தேடி வரும் ஒரு மரங்கொத்தி. அதன் முதுகு பொன்மஞ்சளும் அல்ல, கடுஞ்சிவப்பும் அல்ல. பழுத்த தோடம்பழத்தின் நிறம். என்னிடமுள்ள கையேட்டில் வடக்கே மஞ்சள் முதுகு, தெற்கே சிவப்பு முதுகு என்று இரண்டு படங்கள்தாம் இருக்கின்றன. அதோடு, சிவப்பு முதுகுள்ளவற்றிலேயே இரண்டு இனங்கள் உண்டென்றும் அது சொல்கிறது.

இரண்டாவது, மதிலோரத்து வேம்பில் நெடுநேரம் அசையாமல் அமர்ந்திருக்கும் பறவை. முதுகு மண்ணிறம், மார்பில் கபிலக் கோடுகள், வாலில் கரும்பட்டைகள். நான் வல்லூறு என்கிறேன். பக்கத்து வீட்டு அண்ணர் அது குயில் வகை என்று அடித்துச் சொல்கிறார். எந்தெந்த அடையாளங்களைப் பார்க்க வேண்டும்?

தம்பலகாமம் வாத்தியார்:

தம்பி, மரங்கொத்தியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். திருகோணமலையில் இருப்பவர்களுக்கு அது கையேடு தீர்த்துவைக்காத சிக்கல். யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்தில் பொன்முதுகு மரங்கொத்தியும், தீவின் ஏனைய பெரும்பகுதியில் இலங்கைக்கே உரிய செம்முதுகு மரங்கொத்தியும் வாழ்கின்றன. இவை இரண்டும் சந்திக்கும் இடங்களில் ஒன்றோடொன்று இணைசேர்ந்து குஞ்சு பொரிப்பதால், புத்தளம், கெக்கிராவை, திருகோணமலை ஆகிய ஊர்களின் சுற்றுப்புறங்களைப் பறவையியலாளர்கள் நெடுங்காலமாகவே கலப்பு வலயம் என்று குறித்துவருகிறார்கள். தோடம்பழ நிறத்து முதுகு என்பது பெரும்பாலும் அந்தக் கலப்பின் விளைவு. மஞ்சளுக்கு நெருங்கியது, சிவப்புக்கு நெருங்கியது என்று அதிலும் பல படிகள் இருக்கும்.

இவை ஒரே இனத்தின் இரண்டு வடிவங்களா, வெவ்வேறு இனங்களா என்ற வாதம் பழையது. கொழும்புப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கனடிய ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து இறகு நிறத்தையும் மரபணுவையும் ஒப்பிட்டு, செம்முதுகைத் தனி இனமாகக் கொள்வதே பொருத்தம் என்று 2016இல் எழுதினார்கள். எல்லையில் கலப்பது ஒன்றே இரண்டையும் ஓரினமாக்கிவிடாது என்பதை ஏற்றுக்கொண்டால் குழப்பம் பாதி குறையும். ஆகவே நம்மூரில் முதுகின் நிறத்தை வைத்து முடிவுகட்ட வேண்டாம்; காலை வெயில் சாய்வாக விழும்போது சிவப்பும் செம்மஞ்சளாகத் தோன்றும்.

நீங்கள் முதலில் விலக்க வேண்டியது இன்னொன்றை. காடு சார்ந்த இடங்களில் வாழும், இலங்கைக்கே உரிய பெரிய செம்முதுகு மரங்கொத்தி ஏறத்தாழ 33 செ.மீ. நீளமானது; வளவுகளில் காண்பது 28 செ.மீ. அளவே. ஆனால் மரத்தில் தனியே இருக்கும் பறவையின் நீளத்தைக் கண்ணால் மதிப்பிடுவது இயலாத காரியம், அலகைப் பாருங்கள். பெரியதற்கு அது நீண்டு, வெளிறி, தந்த நிறமாக இருக்கும், சிறியதற்குக் கருஞ்சாம்பல். பெரியதன் விழி வெளிறிய மஞ்சள். பின்கழுத்தில் அதற்கு வெண்மை உண்டு, சிறியதற்கு முழுக் கறுப்பு. கன்னத்துக்குக் கீழே பெரியதற்கு இரண்டு கருங்கோடுகள் ஓடி, நடுவே வெள்ளையை அடைத்து நிற்கும். சிறியதன் தொண்டை கறுப்பில் நுண்ணிய வெண்புள்ளிகள் கொண்டது. பெட்டையானால் இன்னும் சுலபம்: சிறியதற்கு நெற்றி மட்டும் கறுப்பில் வெண்புள்ளிகளாக இருந்து, பின்கொண்டை சிவந்திருக்கும், பெரிய இனத்துப் பெட்டையின் உச்சியில் சிவப்பே கிடையாது.

முதுகின் மேற்பகுதியிலேயே அகன்ற வெண்மையும் சிறகில் பொன்னிறமும் தெரிந்தால் அது வெண்பிடரி மரங்கொத்தி. உலர் வலயத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் அது கிடைக்கும்.

நிலாவெளி அக்கா:

வாத்தியார் ஐயா மரங்கொத்தியை முழுதாகவே சொல்லிவிட்டார். வல்லூறு விடயத்தில், உங்கள் அயலவர் சொல்வதை எளிதில் தள்ளிவிட முடியாது. அக்காக்குயில் உருவத்திலும் வால்பட்டையிலும் பறக்கும் விதத்திலும் வல்லூறை அப்படியே ஒத்திருப்பது; சிறகை நாலுதரம் அடித்துச் சற்றே மிதக்கும் அந்தப் பறப்பைக் கண்டு புலுனிகளே கலைந்து ஓடும். வாடைக் காலத்தில் இந்தியாவிலிருந்து சில அக்காக்குயில்கள் நமது தாழ்நிலத்துக்கும் வருவதுண்டு. அந்த மாதங்களில் அது தன் மூன்றசைக் கூவலை அதிகம் எழுப்பாததால், குரலை நம்பிக் காத்திருப்பதில் பயனில்லை.

கண்ணின் மஞ்சளையும் பெரிதாக எடுக்காதீர்கள். வளர்ந்த ஆண் வல்லூறின் விழி சிவந்திருக்கும். இளம் வல்லூறுக்கு மஞ்சள், வளர்ந்த அக்காக்குயிலுக்கும் மஞ்சள். அலகும் காலும்தான் பொய் சொல்லாதவை. வல்லூறின் அலகு குட்டையாக, அடியிலிருந்தே வளைந்து கொக்கியாக இறங்கும். அலகின் அடியில் மஞ்சள் தோல் தெரியும். குயிலின் அலகு ஒல்லியாக நீண்டு நுனியில் மட்டும் இலேசாக வளைந்திருக்கும். வல்லூறு நீண்ட மஞ்சள் கால்களில் நிமிர்ந்து நிற்கும், நகங்கள் கிளையைச் சுற்றிப் பிடித்திருப்பது தெரியும். குயிலின் குட்டைக் கால்கள் வயிற்று இறகுக்குள் மறைந்துவிடும்.

மார்பில் நெடுக்குக் கோடும் மண்ணிற முதுகும் இருப்பது வல்லூறானால், அது இன்னும் முதிராத பறவை. முதிர்ந்தபின் முதுகு சாம்பலாகி, மார்பில் குறுக்குவரிகள் நெருக்கமாக அமையும். ஆணைவிடப் பெட்டை பெரிது என்பதால் ஒரே வளவில் இரண்டு அளவில் வல்லூறுகளைக் கண்டாலும் இரண்டு இனம் என்று எண்ண வேண்டியதில்லை.

உப்புவெளியான்:

இருவருக்கும் நன்றி. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மரங்கொத்தியின் அலகு கருஞ்சாம்பல், பின்கழுத்து கறுப்பு, நெற்றியில் வெண்புள்ளிகள், பின்கொண்டை சிவப்பு. மற்றப் பறவை ஓணான் ஒன்றைக் காலில் அழுத்திப் பிடித்துக் கிழித்துத் தின்றது. தொண்டையின் நடுவே மெல்லிய கருங்கோடு ஒன்றும் தெரிகிறது. தொண்டைக் கோடு இருந்தால் அது வல்லூறல்ல, காட்டு வல்லூறு என்று ஒரு குழுவில் படித்தேன். அது சரியா?

தம்பலகாமம் வாத்தியார்:

கோடு இரண்டுக்கும் உண்டு, தடிப்பில்தான் வேறுபாடு. காட்டு வல்லூறுக்கு அது கடுங்கருமையாக, எட்டத்திலிருந்தே தெரியும் அளவுக்குத் தடித்திருக்கும். அதன் மார்பு வரிகளும் அழுத்தமானவை. தவிர, அது அடர்ந்த காட்டுப் பறவை, மலைநாட்டில்தான் பெரும்பாலும் காணப்படுவது. உப்புவெளி மதிலோரத்து வேம்பில் அதை எதிர்பார்க்க வேண்டியதில்லை. தலைக்குப் பின்னால் சிறு கொண்டையும் இன்னும் பருத்த உடலும் இருந்தால் கொண்டை வல்லூறைப் பற்றி யோசிக்கலாம், நீங்கள் அப்படி எதையும் குறிப்பிடவில்லை. ஓணானைக் காலால் அழுத்திக் கிழித்தது என்பதிலேயே குயில் விலகிவிட்டது. அது இளம் வல்லூறு.

மரங்கொத்தி பெட்டை, சிறிய வகை, கலப்பு நிறத்தது. குறிப்பேட்டில் இனப்பெயரை மட்டும் எழுதாமல் முதுகின் நிறத்தையும், எந்த வெளிச்சத்தில் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால், அங்கே காணும் முதுகுகள் மஞ்சளுக்கு எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்பதை இதே இழையில் படத்துடன் பதிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.