29 மார்கழிக் கோலங்களை ஒரே படமாகச் சேர்ப்பது எப்படி?

வாசல்கோலம்:
வணக்கம். அம்மா இந்த மார்கழியில் வாசலில் போட்ட 29 கோலங்களையும் தினமும் விடிகாலையில் போனில் எடுத்து வைத்திருக்கிறேன். போன வருடம் முழங்கால் வலியில் அம்மாவால் உட்கார்ந்து எழவே முடியவில்லை. இந்தத் தடவை சின்ன முக்காலியை நகர்த்தி நகர்த்தி ஒரு நாள் விடாமல் போட்டுவிட்டார். அதனால் ஒன்றுகூட விட்டுப்போகாமல் ஒரே படமாக்கி, 12×18 அங்குலத்தில் பிரேம் போட்டுக் கொடுக்க ஆசை.

ஆன்லைனில் ஒரு கொலாஜ் தளத்தில் சேர்த்தேன். அது எல்லாவற்றையும் தானாகவே வெட்டியதில் ஓரத்துப் புள்ளிகளைக் காணோம். பிரிண்ட் எடுத்தால் சிக்குக் கோலத்தின் இழைகளெல்லாம் கலந்து, மாவு கொட்டிய மாதிரி இருக்கிறது. இறங்கிய படத்தின் அகலம் 1080 பிக்சல். என்ன செய்யலாம்?

மதுரை லேப்:
தங்கச்சி, அந்த 1080-தான் கோளாறு. குறுக்கே 5 படம் வைத்தால் ஒரு கோலத்துக்கு 216 பிக்சல்தான் கிடைக்கும். அதில் சிக்குக் கோலம் எப்படித் தெரியும்? 12×18 பிரிண்டுக்கு, அங்குலத்துக்கு 300 என்ற கணக்கில் 3600×5400 பிக்சல் வேண்டும். முதலில் அந்த அளவில் வெற்றுப் பக்கம் திறந்துகொண்டு, அப்புறம் படங்களை வையுங்கள். போட்டோபியா என்ற படத் திருத்தும் மென்பொருள் பிரவுசரிலேயே ஓடும், இலவசம். படங்கள் உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது. கேன்வா என்ற டிசைன் தளம்தான் பழக்கம் என்றால் அளவைப் பிக்சலில் கொடுங்கள். அங்குலத்தில் கொடுத்தால் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று எடுத்துக்கொள்ளும்.

குறுக்கே 5, நெடுக்கே 6 வைக்கலாம். ஒவ்வொரு கோலமும் 680 சதுரம், நடுவில் 30 இடைவெளி, இரண்டு ஓரத்திலும் 40 விட்டால் சரியாக 3600. மேலே ஊரும் வருடமும் எழுத இடம் மிஞ்சும். லேபுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் சுருக்கிவிடும்.

காவிக்கரை:
சேர்ப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது தோழி. நின்றுகொண்டு எடுத்த படத்தில் கோலத்தின் எதிர்ப்பக்கம் சிறுத்துத் தெரியும். 29-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். போனில் ஸ்னாப்ஸீட் ஆப்பில் பெர்ஸ்பெக்டிவ், போட்டோபியாவில் பெர்ஸ்பெக்டிவ் கிராப், எதில் வேண்டுமானாலும் நேராக்கலாம். தெருவிளக்கின் மஞ்சளும் ஏறியிருக்கும். மாவு வெள்ளையாகத் தெரியும் வரை ஒயிட் பேலன்ஸை நகர்த்துங்கள்.

வாசல்கோலம்:
இருவருக்கும் நன்றி. நேராக்க மட்டும் இரண்டு ராத்திரி ஆனது. அடுக்கியது அரை மணி நேரம். மிச்சமிருந்த 30-ஆவது கட்டத்தில் அம்மாவின் கோல நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை வைத்தேன், பென்சிலில் "15-8 இடுக்குப் புள்ளி" என்று அவர் எழுதியிருந்தது.

பிரிண்ட் நேற்று வந்தது. இழைக்கு இழை தனியாகத் தெரிகிறது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டம் கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார். 17-ஆம் நாளில் விரல் நின்றுவிட்டது.

"இங்க பாரு, இந்த இழை போய்ச் சேரவே இல்ல. அன்னிக்குப் பனியில கண்ணு தெரியல. வர்ற மார்கழிக்கு இதைத்தான் முதல்ல போடணும்" என்றார்.