டி பிளாக் சொந்தங்கள் (தேவையில்லாத ஃபார்வர்டு போடாதீங்க)

ஞாயிறு, மாலை 6:12

மாவுக்கடை அக்கா: 📷 படம்

மாவுக்கடை அக்கா: சமுதாயக்கூடம் மாடி இன்னைக்கும் பூட்டு. பசங்க எல்லாம் மறுபடி நம்ம படிக்கட்டுலதான். மாவு பக்கெட்ட தூக்கிட்டு ஏற வழி இல்ல

ஆட்டோ மாமா: படிக்கட்டுல உக்காந்தா பரவால்லமா. தண்ணி டேங்க் பின்னாடி போறானுங்க பாரு, அதான் பயம். நேத்து ரவுண்ட்ஸ் வந்த போலீஸ்காரங்க ரெண்டு வண்டி நம்பர எழுதிட்டுப் போனாங்க

கேரம் தம்பி: மாமா அதுல ஒண்ணு எங்க அண்ணன் வண்டி. நான் சும்மா போன் பேசிட்டு இருந்தேன்

ஆட்டோ மாமா: நீ சும்மாதான் இருந்திருப்ப. நம்ம அட்ரஸ கேட்டாலே அவங்க பார்வை மாறிடுது

நாலாவது மாடி ஆயா: 🎤 0:52

மாவுக்கடை அக்கா: கிரைண்டர் ஓடுது, ஒண்ணும் கேக்கல. ஆயா என்ன சொல்லுது, யாராவது டைப் பண்ணுங்க

கேரம் தம்பி: டீச்சர் இருந்த வரைக்கும் பேரன் ஆறு மணியானா மாடிக்குப் போயிடுவானாம். இப்ப எங்க போறான்னே தெரியலயாம். மீதி 40 செகண்டும் லிஃப்டுக்குத் திட்டு

செயலாளர் அண்ணன்: லிஃப்டுக்கு நாளைக்கு ஆள் வருது ஆயா 🙏

டியூசன் டீச்சர்: ஆயா நான் வரமாட்டேன்னு சொல்லவே இல்ல 😔 மாடில டியூசன் எடுக்குற எங்க காண்ட்ராக்ட் மார்ச்சோட முடிஞ்சுது. இந்த வருஷத்துக்கு ஆர்டர் வரல. ஜூன் வரைக்கும் சம்பளம் இல்லாமதான் வந்தேன். அதுக்கு மேல எங்க வீட்ல தாங்காது

செயலாளர் அண்ணன்: இதுக்காக எம்.எல்.ஏ ஆபீஸ் போயிட்டு வந்தேன். தொகுதி நிதி வருஷத்துக்கு 3 கோடி. கட்டடம் வேணுமா, போர்வெல் வேணுமா, எழுதிக் குடுங்க, சம்பளத்துக்கு மட்டும் இதுல கை வைக்க முடியாதுன்னுட்டாங்க. எம்.பி நிதி 5 கோடி, அதுல 15 சதவீதம் எஸ்.சி மக்கள் இருக்கிற இடத்துக்குப் போகணும்னு விதி இருக்கு. அதுவும் கட்டடம், சொத்து மாதிரி செலவுக்குத்தான்

ஆட்டோ மாமா: அப்ப இன்னொரு கட்டடம் கட்டி அதுக்கும் ஒரு பூட்டு வாங்கிடலாம்

ரேஷன்கடை சித்தப்பா: 🌹 இனிய காலை வணக்கம் 🌹 வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடித்தால்...

செயலாளர் அண்ணன்: சித்தப்பா, மணி சாயங்காலம் ஆறரை

கேரம் தம்பி: அண்ணே 2024ல ஊராட்சிக்கு ஊராட்சி கலைஞர் ஸ்போர்ட்ஸ் கிட் குடுத்தாங்களே, 33 ஐட்டம். நம்மளுது எங்க?

செயலாளர் அண்ணன்: ஊராட்சி ஆபீஸ் பீரோவுல. கண்ணால பாத்தேன். பேட்டுக்கு மேல கவர் கூட பிரிக்கல. கேட்டா, தொலைஞ்சா யார் பொறுப்பு, கையெழுத்துப் போட்டு வாங்க ஒரு ஆள் வேணும்ங்கிறாங்க

டியூசன் டீச்சர்: அந்த ஆள்தான் நான் 😄 வாங்கி, வெளையாட விட்டு, ராத்திரி எண்ணி உள்ள வைக்கணும். அதுக்குத்தான் யார்கிட்டயும் காசு இல்ல

ரேஷன்கடை சித்தப்பா: நான் முதல்வன் திட்டத்துல சேத்து விடும்மா

டியூசன் டீச்சர்: நல்ல திறன் பயிற்சித் திட்டம்தான் சித்தப்பா, 2022ல ஆரம்பிச்சாங்க. ஏ பிளாக் பொண்ணு அதுலதான் கோர்ஸ் முடிச்சா. ஆனா அது ஸ்கூல், காலேஜ்ல இருக்கிற புள்ளைங்களுக்கு. 2025ல வந்த வெற்றி நிச்சயம் பயிற்சித் திட்டத்துக்கு 18 வயசு ஆகணும். பத்தாவதோட நின்னவன்? படிக்கட்டுல எண்ணிப் பாருங்க, பாதிக்கு மேல 15, 16

ஆட்டோ மாமா: சென்னை கண்ணகி நகர் கார்த்திகா மேல வரலயா? 2025ல பஹ்ரைன் போயி கபடில தங்கம். அரசு 25 லட்சம் குடுத்துச்சு

மாவுக்கடை அக்கா: அந்தப் பொண்ணுக்கு இன்னும் கூட குடுக்கலாம் மாமா. ஆனா அது ஜெயிச்ச பிறகு. அதுக்கு முன்னாடி தினம் சாயங்காலம் விசில் ஊத ஒருத்தர் நிக்கணுமே, நம்ம பிளாக்ல அவருக்கு யார் குடுப்பா?

மாவுக்கடை அக்கா: கஸ்டமர், வரேன்

டியூசன் டீச்சர்: 2024ல சட்டமே வந்துச்சு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டு செயல் திட்டம். மக்கள்தொகைக்கு ஏத்த பங்கு பட்ஜெட்ல ஒதுக்கணும். 2011 கணக்குல எஸ்.சி மட்டும் 20 சதவீதம். அதுல நம்ம மாடிக்கு ஏதாவது வந்துச்சா, வந்துட்டு திரும்பிப் போச்சா?

செயலாளர் அண்ணன்: தகவல் உரிமைச் சட்டத்துல ஆர்டிஐ மனு போட்டுடறேன். 10 ரூபாதான், 30 நாள்ல பதில் சொல்லியாகணும். ஏன் மூடுனீங்கன்னு எழுதுறேன்

டியூசன் டீச்சர்: ஐயோ "ஏன்" போடாதீங்க அண்ணா. விளக்கம் தர முடியாதுன்னு ஒரே வரில முடிச்சிடுவாங்க. எவ்வளவு ஒதுக்குனாங்க, எவ்வளவு செலவு, காண்ட்ராக்ட் புதுப்பிக்க அனுப்பின ஃபைலோட நகல். இதை மட்டும் கேளுங்க

செயலாளர் அண்ணன்: 👍 அக்டோபர் 2 கிராம சபைலயும் தீர்மானமா எழுத வைக்கணும்

மாவுக்கடை அக்கா: ஆகஸ்ட் 15க்கு நம்ம பிளாக்ல எத்தனை பேர் போனோம்?

ஆட்டோ மாமா: ரெண்டு பேர். நானு, ஆட்டோல ஏத்திட்டுப் போன ஆயா

கேரம் தம்பி: நாங்க 14 பேர் வர்றோம்

செயலாளர் அண்ணன்: வாங்கடா. ஆனா ஓட்டு இருக்கிறவங்கதான் கணக்கு

கேரம் தம்பி: எங்களுக்கான விஷயம், எங்க கை கணக்குல இல்லயா 🤦

மாவுக்கடை அக்கா: அவனவன் அவங்கம்மாவ கூட்டிட்டு வா. அன்னைக்கு மாவு மத்தியானத்துக்கு மேலதான், இப்பவே சொல்லிட்டேன்

நாலாவது மாடி ஆயா: 🎤 0:06

கேரம் தம்பி: லிஃப்ட் ஓடுனா வருவாங்களாம்