இல்லாத ஓர் இசைவகைக்குப் பொய் வரலாறு எழுதுவது எப்படி?

கேள்வி (மதுரை அனுப்பானடியிலிருந்து)

நண்பர்களுக்கு வணக்கம். நாங்கள் மூவர் சேர்ந்து, கேம்பாய் என்ற பழைய கையடக்க விளையாட்டுக் கருவியைப் போல ஒலிக்கும் ஒரு சிறிய வீடியோ கேம் செய்துகொண்டிருக்கிறோம். அதில் 'தெப்பத்துள்ளல்' என்றோர் இசைவகை வருகிறது. உலகில் அப்படி ஒன்று கிடையாது, நாங்களே கற்பித்தது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அதன் வரலாற்றில் ஒரு பக்கம் திறக்கும். திருமலை நாயக்கர் அரண்மனைக்கு மண் எடுத்த இடத்தில் முக்குறுணிப் பிள்ளையார் கிடைத்தார், அந்தப் பள்ளமே வண்டியூர்த் தெப்பக்குளம் ஆனது என்று கேட்டுத்தானே நாம் வளர்ந்தோம்? அதே பள்ளத்தில் தானாகப் பாடும் செங்கல் ஒன்றும் கிடைத்தது என்று தொடங்கினேன். நையாண்டி மேளமே இந்த இசையிலிருந்து பிறந்ததுதான் என்று முடித்தேன். விளையாடிப் பார்த்த என் அக்காள் மகன் செங்கல்லுக்கு விழுந்து விழுந்து சிரித்தான். நையாண்டி மேளச் செய்தியை மட்டும் உண்மையென நம்பிப் பள்ளி நோட்டில் எழுதி வைத்துக்கொண்டான். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு எழுத ஓடவில்லை. அபத்தமும் குறையாமல், யாரையும் ஏமாற்றாமலும் எழுத வழி உண்டா?

மறுமொழி (செல்லூரிலிருந்து)

தம்பி, பொய்யை ஊரின் வரலாற்றிலிருந்து எடுக்காமல், கருவியின் குறைகளிலிருந்து எடுங்கள். 1989இல் வந்த கேம்பாயில் ஒலிக்கு நான்கே தடங்கள்: சதுர அலைக்கு இரண்டு, நாமே வடிவமைத்துக்கொள்ளும் அலைக்கு ஒன்று, இரைச்சலுக்கு ஒன்று. அந்த மூன்றாம் தடத்தின் ஒலியளவை நினைத்தபடி ஏற்றி இறக்க முடியாது. முழு அளவு, பாதி, கால், இல்லையென்றால் மௌனம். நம் பாட்டிகள் அரிசி அளந்த படி, உரி, உழக்கு இதே கணக்குதான். ஆகவே, தெப்பத்துள்ளலின் மூன்றாம் கலைஞர் கீழமாசி வீதியில் அரிசிக்கடை வைத்திருந்தவர் என்றும், இசையைப் படியால் அளந்தே ஊற்றுவார் என்றும், முக்கால் படி கேட்டவர்களைக் கடையை விட்டே விரட்டினார் என்றும் எழுதலாம். இன்னொன்று: பழைய ஆட்டங்களில் கதாநாயகன் குதிக்கும் ஓசைக்குத் தனித் தடம் இருக்காது, இசைக்குரிய தடம் ஒன்று அந்தக் கணம் வழிவிட்டு ஒதுங்கும். சபையில் யாராவது குதித்தால் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட வேண்டும், தவறினால் எல்லோருக்கும் ஜிகர்தண்டா வாங்கித் தர வேண்டும் என்பது அந்தக் குழுவின் சட்டமாக இருக்கட்டும்.

மறுமொழி (அலங்காநல்லூர் பக்கமிருந்து)

என் மாமனார் நையாண்டி மேளத்தில் தவில் வாசித்தவர். கச்சேரிக்குப் போகும் நாளில் திண்ணையில் உட்கார்ந்து, பசை தடவிய துணியால் இறுகச் செய்த கூடுகளை வலக்கை விரல்களில் ஒவ்வொன்றாக மாட்டி, திண்ணை விளிம்பில் தட்டிப் பார்ப்பார். ஓசை பிடிக்கவில்லையென்றால் கழற்றிவிட்டு மறுபடி மாட்டுவார். அவரைப் போன்றவர்களைப் பற்றி எழுத்தில் இருப்பது மிகக் குறைவு. வெற்றிடத்தில் விழும் பொய்யை மறுக்க ஆள் இருக்காது. அதனால்தான் உங்கள் அக்காள் மகன் அதை நம்பினான். அந்த வரியை நீக்கிவிடுங்கள். மீனாட்சியம்மன் கோயில் இசைத்தூண்களையும் தொடாதீர்கள். கல்லே பாடுகிறது என்ற உண்மைக்கு மேல் நாம் சேர்க்க என்ன இருக்கிறது?

மறுமொழி (திருநகரிலிருந்து)

செங்கல் இருக்கட்டும் என்பதே என் கருத்து. 'இது கற்பனை' என்று முதல் பக்கத்தில் பலகை மாட்டுவதைவிட, பொய்யே தன்னைக் காட்டிக்கொடுக்கும்படி எழுதுவது நல்லது. அரண்மனை கட்டப்பட்டது 1636இல். கேம்பாய்க்கு நான்கு பென்சில் செல் வேண்டும். செங்கல் 1636இல் நான்கு பென்சில் செல் கேட்டு அழுதது, அரண்மனையில் மூன்றுதான் இருந்தன என்று எழுதிப் பாருங்கள். பத்து வயதுப் பிள்ளையும் சரியான இடத்தில் சிரிக்கும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நையாண்டி மேள வரியை எடுத்துவிட்டேன். முதல் சதுர அலைத் தடத்தில் சுருதியைத் தானாக வழுக்கிச் செல்ல வைக்கும் வசதி இருப்பதால், வளைந்த குச்சியால் தேய்க்கும்போது உறுமி எழுப்பும் முனகலை அதில் கொண்டுவர முயன்றேன், ஓரளவு வந்திருக்கிறது. அலங்காநல்லூர் அக்கா, உங்கள் மாமனார் சம்மதித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்து அதைப் போட்டுக் காட்டுகிறேன். அரிசிக்கடைக்காரர் பக்கத்தை இன்றிரவு தொடங்குகிறேன்.