தோட்டத்து பிக்அப்பும் பெரியம்மாவின் இடுப்பும்

குழு: தாளவாடி தாத்தா வீடு

பெரியப்பா: சத்தியமங்கலத்தில் தக்காளி இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு மலை ஏறினோம். திம்பம் மலைப்பாதையில் 27 வளைவும் தொல்லையில்லை. தார் ரோடு முடிந்து நம் மண் பாதையில் இறங்கியதும் பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடுகிறது. வீட்டில் இனிமேல் பிக்அப்பில் ஏறவே மாட்டேன் என்கிறாள்.

அத்தை: அண்ணிக்கு ஏற்கெனவே டிஸ்க் பிரச்சினை இருக்கிறதே அண்ணா. இப்போது வலி எப்படி?

பெரியப்பா: தைலம் தேய்த்துப் படுத்திருக்கிறாள். பரவாயில்லை.

சித்தப்பா: பின் சக்கரத்துக்கு மேலே அடுக்கியிருக்கும் ஸ்பிரிங் பட்டையில் ரெண்டைக் கழற்றிவிடுங்கள் அண்ணா. எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

மாமா: வேண்டவே வேண்டாம் மச்சான். அது 1.7 டன் ஏற்றும் வண்டி. அந்தச் சுமைக்குத்தான் பட்டை கட்டியிருக்கிறார்கள், அதனால் காலியாக வந்தால் வளைந்து கொடுக்காது. வண்டியில் கோளாறு என்று நினைக்காதீர்கள்.

சித்தப்பா: அடியில் இருக்கும் தடிப் பட்டையை மட்டும் எடுத்தால்?

மாமா: தட்டையாக இருக்குமே, அதுதானே? காலி வண்டியில் அது வேலையே செய்யாது. லோடு ஏறி மேல் பட்டைகள் அமுங்கிய பிறகுதான் அதற்கு வேலை வரும். அதை எடுத்தால் குலுக்கல் அப்படியேதான் இருக்கும், லோடு ஏற்றினால் வண்டி உட்கார்ந்துவிடும். மேல் பட்டையில் கை வைத்தாலோ, மிச்சப் பட்டைகள் மொத்தப் பாரத்தையும் தாங்கவேண்டும். திம்பம் இறக்கத்தில் மெயின் பட்டை முறிந்தால் என்ன ஆகும்? பணம் மிச்சம் என்று அதை மட்டும் செய்யாதீர்கள்.

சித்தப்பா: சரி மச்சான், புரிகிறது.

மாமா: பின் டயரில் காற்று எவ்வளவு?

பெரியப்பா: எப்போதும் 65 பி.எஸ்.ஐ.

மாமா: அது லோடுக்கான அளவு. காலியாக இருக்கும்போதும் அவ்வளவு இருந்தால் டயர் கல் மாதிரி நிற்கும், ஒவ்வொரு குழியும் நேரே சீட்டுக்கு வரும். காலி வண்டிக்குத் தனி அளவு வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும். டயர் சூடாவதற்கு முன்பு பார்த்து அந்த அளவுக்கு இறக்குங்கள். குலுக்கல் அதிலேயே கொஞ்சம் குறையும், செலவும் இல்லை.

நான்: மறுநாள் லோடு ஏற்றும்போது பழையபடி ஏற்றிவிட வேண்டும், இல்லையா மாமா?

மாமா: கட்டாயம். காற்று குறைவாக வைத்து லோடோடு இறங்கினால் டயர் சூடேறி வெடிக்கும், வளைவில் வண்டி அலையும்.

பெரியப்பா: தோட்டத்துப் பக்கம் காற்றடிக்கிற கடை எங்கே இருக்கிறது?

நான்: பேட்டரியில் மாட்டுகிற 12 வோல்ட் கம்ப்ரஸர் வாங்கித் தருகிறேன் பெரியப்பா. பிரஷர் கேஜும் சேர்த்து. நீங்கள் தோட்டத்திலேயே ஏற்றிக்கொள்ளலாம்.

மாமா: நல்ல வேலை மாப்பிள்ளை. சிகரெட் லைட்டர் பிளக்கில் மாட்டுவது வேண்டாம், பேட்டரியில் நேரே கிளிப் போடுவதாகப் பார். பெரிய டயருக்கு அதுதான் தாங்கும்.

அத்தை: அண்ணா, காலியாக ஏறுவதைவிட உர மூட்டை, புண்ணாக்கு எல்லாம் அந்த நடையிலேயே ஏற்றி வரலாமே?

மாமா: அதுவும் உதவும். ஒன்றும் இல்லாத நாளில் மூன்று மணல் மூட்டையைப் பின் ஆக்சிலுக்குச் சற்று முன்னால் வைத்துக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டுங்கள். கட்டாமல் விட்டால் பிரேக் போடும்போது முன்னால் பாயும்.

பெரியப்பா: பட்டையில் வேஸ்ட் ஆயில் அடித்துத்தான் வைத்திருக்கிறேன்.

மாமா: இனி அடிக்காதீர்கள் மச்சான். மண் ஒட்டிப் பட்டைக்கு நடுவே அரைக்கும், ரப்பர் புஷ்ஷும் ஊதிப்போகும். பட்டையைப் பிரித்து, துருவைச் சுரண்டி, கிராஃபைட் கிரீஸ் தடவிக் கட்டுவோம். துருப்பிடித்த பட்டை ஒன்றின்மேல் ஒன்று வழுக்காது, சின்னக் குழிக்கு வளையவே வளையாது. பட்டையை ஆக்சிலோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டையும் புதிதாகப் போட்டுவிடலாம்.

நான்: ஷாக் அப்சார்பர் போய்விட்டதா என்று எப்படித் தெரியும்?

மாமா: எண்ணெய் கசிந்திருந்தால் போச்சு. இல்லையென்றால், மண் பாதையில் ஓடி வந்ததும் மச்சான் மெதுவாகத் தொட்டுப் பார்க்கட்டும். வேலை செய்வது சூடாக இருக்கும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது செத்துவிட்டது. மாற்றினால் ரெண்டு பக்கமும் சேர்த்து மாற்றவேண்டும்.

பெரியப்பா: (புகைப்படம்) இடது பக்கம் முழுக்க எண்ணெயாக இருக்கிறது.

மாமா: அப்படியென்றால் ஜோடியாக வாங்கி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். மதியத்துக்குள் முடிந்துவிடும்.

அத்தை: அண்ணியை அதில் கூட்டிவராதீர்கள். பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து வரச் சொல்லுங்கள், ஸ்டாண்டுக்கு நான் வருகிறேன்.

பெரியப்பா: சரிம்மா.