டிரிஸ்ட்ரம் கண்ணாடிகளை வீட்டிலிருந்து எடுத்தது சரியா?

நீலச்சாளரம்:
1862-ல் பிராட்ஃபோர்ட் வணிகர் வால்டர் டன்லப், யார்க்‌ஷயரில் பிங்லி பக்கம் இருந்த தன் ஹார்டன் கிரேஞ்ச் வீட்டுக்காக ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸின் கம்பெனியில் சொல்லிச் செய்த 13 வண்ணக் கண்ணாடிகள், டிரிஸ்ட்ரம்–இசூட் காதல் கதையைப் பிறப்பிலிருந்து கல்லறை வரை சொல்கின்றன. இப்போது அவை பிராட்ஃபோர்ட் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கின்றன. என்னைக் கேட்டால் எடுத்திருக்கவே கூடாது. ஒவ்வொன்றும் ஒரு மீட்டர்கூட இல்லாத சின்னக் கண்ணாடி, தேவாலய ஜன்னல் மாதிரி அண்ணாந்து பார்க்க வரைந்ததில்லை, ஒரு குடும்பம் தினமும் பக்கத்தில் நின்று பார்க்க வரைந்தது.

ஈயப்பட்டை:
பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் முக்கியம் என்றால் அருங்காட்சியகத்திலும் அப்படித்தானே பார்க்கிறோம்? ஓவியர் ரோசெட்டி வரைந்த, இருவரும் காதல் மந்திரப் பானம் குடிக்கும் காட்சியை டன்லப்பின் விருந்தாளிகள் மட்டும் பார்த்தால் போதுமா? இருந்த இடத்திலேயே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆக்ஸ்ஃபோர்ட் யூனியன் (மாணவர்களின் விவாதச் சங்கம்) கட்டடத்தின் சுவர் இருக்கிறது. 1857-ல் ரோசெட்டி, மாரிஸ், பர்ன்-ஜோன்ஸ், ஹியூஸ், பிரின்செப் எல்லாரும் சேர்ந்து ஆர்தர் மன்னர் கதைகளை அங்கே வரைந்தார்கள், சீக்கிரமே மங்கிவிட்டது.

நீலச்சாளரம்:
அது இடத்தின் குற்றம் இல்லை. செங்கல் சுவரைச் சரியாகத் தயார் செய்யாமல் சுண்ணாம்பு அடித்து அதன்மேல் வரைந்தார்கள். கண்ணாடியில் வரைந்த கோடு சூளையில் சுட்டது, நிறமும் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது, வெயிலுக்கு அப்படி வெளுக்காது. அதே ஐந்து பேரும் இதிலும் வரைந்தார்கள், எது நிலைத்தது பாருங்கள்.

மழைக்கால்:
குறுக்கே வருகிறேன். கள்ளக்காதல், பைத்தியம், தற்கொலை முயற்சி, கடைசியில் இசூட்டின் கணவன் மன்னன் மார்க் டிரிஸ்ட்ரமை முதுகில் குத்துவது (இது மேடாக்ஸ் பிரவுன் வரைந்தது). குழந்தைகள் நடமாடும் வீட்டுக்கு இந்தக் கதையா?

நீலச்சாளரம்:
கதை முழுக்க அது மட்டுமில்லையே. பைத்தியம் பிடித்து உருத்தெரியாமல் போன டிரிஸ்ட்ரமை இசூட்டின் நாய் மோப்பம் பிடித்துக் கண்டுகொள்ளும் இடத்தைப் படித்த எந்தக் குழந்தையும் மறக்காது.

ஈயப்பட்டை:
அந்த இடம் எனக்கும் பிடிக்கும், ஆனால் அது தனியாக நின்றால் அர்த்தம் இல்லை, முன்னால் பைத்தியக் காட்சி வேண்டும். வீடு கைமாறும்போது வாங்குகிறவர் பிடித்ததை வைத்துக்கொண்டு மிச்சத்தை விற்றுவிடலாம், யாரும் தடுக்க முடியாது. பதின்மூன்றும் ஒன்றாக இருப்பதற்காக நான் அந்த வீட்டு வெளிச்சத்தை விட்டுக்கொடுப்பேன்.

நீலச்சாளரம்:
நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காலையில் ஒரு நிறம், சாயங்காலம் ஒரு நிறம் என்று மாறுவதற்காகத்தான் அதைத் துணியில் வரையாமல் கண்ணாடியில் செய்தார்கள்.