மலையில் கையில் சிக்கிய, பெயர் தெரியாத கிதார் ரெக்கார்டுகள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் (ஒவ்வொரு பதிவுக்கும் மேலே எழுதியவரின் புனைபெயர்)

பெட்ஃபோர்ட் பனி, குன்னூர்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2011-இல் அப்பர் குன்னூரில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தார்கள். கட்டில், அலமாரி, பீங்கான் எல்லாம் போன பிறகு ஒரு மரப்பெட்டி மட்டும் மிச்சம் இருந்தது. அதை நான் வாங்கினேன். உள்ளே முப்பது நாற்பது எல்பி. ஜிம் ரீவ்ஸ், கிறிஸ்துமஸ் பாடல்கள், ராணுவ பேண்டு என்று நம் பக்கத்துப் பழைய வீடுகளில் வழக்கமாக இருப்பவைதான். அடியில் கிடந்த ஒன்று மட்டும் வேறு மாதிரி. இரண்டு தட்டு, நாலு பக்கம், பக்கத்துக்கு ஒரு குழு. சில்ஸ், ஸ்னீக்கி ஃபீலிங்ஸ், ஸ்டோன்ஸ் (ரோலிங் ஸ்டோன்ஸ் இல்லை, இது வேறு), வெர்லைன்ஸ். இங்கே இருப்பவர்களுக்கு அடையாளம் சொல்ல வேண்டியதில்லை: 'டனீடின் டபுள்', நியூசிலாந்தின் ஃப்ளையிங் நன் கம்பெனி வெளியீடு, 1982. அன்றைக்கு எனக்கு இதில் ஒரு பெயரும் தெரியாது.

பெரிய தட்டு என்றால் வேகம் 33 (நிமிஷத்துக்கு 33 சுற்று) என்பது கைப்பழக்கம். அதனால் 33-லேயே ஓட்டினேன். இரண்டு மாதம் அப்படியே கேட்டேன். வயதான ஒருவர் தூக்கக் கலக்கத்தில் பாடுவது போல இருக்கும். எனக்கு அதுவே பிடித்திருந்தது. அப்புறம் ஒருநாள் டீ ஃபாக்டரியில் வேலை பார்க்கும் நண்பன் வந்தான். லேபிளைக் குனிந்து பார்த்துவிட்டு, "டேய், இது 45டா" என்று சுவிட்சைத் தள்ளினான்.

அந்த நொடி இன்னும் காதில் இருக்கிறது. சில்ஸ் பாடும் 'கலைடோஸ்கோப் வேர்ல்ட்' பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. தட்டு வேகம் பிடித்தது, குரல் மேலே ஏறியது, கிழவர் என்று நான் நினைத்திருந்தவர் இருபதைத் தொடாத பையன் ஆனார். நாலு டிராக் மெஷினில் பதிந்தது என்று பின்னால் படித்தேன். அந்தச் சின்ன மெஷினுக்குள் அவ்வளவு வெளிச்சம்.

ஆனால் என்னை உறுத்துவது அது இல்லை. உள் உறையில் பென்சிலால், தமிழில், யாரோ எழுதியிருந்தார்கள்: "சில்ஸ் பக்கம் அம்மாவுக்குப் பிடிக்கும். முள் பார்த்து வை."

யாருடைய அம்மா? நியூசிலாந்தின் தென்கோடிப் பையன்கள் பாடியதை, 80-களில் குன்னூரில் உட்கார்ந்து, மறுபடி போடச் சொல்லிக் கேட்ட அந்த அம்மா யார்? இங்கே குன்னூர் பக்கத்து வெலிங்டன் ராணுவ ஸ்டாஃப் காலேஜுக்குப் படிக்க வந்த வெளிநாட்டு அதிகாரி யாராவது ஊருக்குத் திரும்பும்போது விற்றதாக இருக்கும் என்பது என் ஊகம். 2024 ஜூலையில் சில்ஸ் குழுவின் மார்ட்டின் ஃபிலிப்ஸ் 61 வயதில் இறந்த செய்தி வந்தது. எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த அம்மாதான்.

ஏழு ரோடு, கொடைக்கானல்

பனி அண்ணா, உங்களிடம் அந்தப் பென்சில் எழுத்தாவது இருக்கிறது. நான் அழித்தே விட்டேன்.

1996. ஏழு ரோடு பக்கம் பேக்கரியில் வேலை. ஊரை விட்டுப் போன ஒரு வாத்தியார் ஷூ பெட்டி நிறைய கேசட் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு டிடிகே 90-இல் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. மேலே இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் மூடியையும் உடைத்து ஓட்டையாக்கியிருந்தது. அழிக்காதே என்று அர்த்தம். எனக்கும் அது தெரியும். செலோ டேப் ஒட்டி ஓட்டையை மூடினேன். பாட்டு லிஸ்ட் எழுதி, வத்தலக்குண்டில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்து, முழுக்க இளையராஜா பதிந்து வாங்கி வந்தேன்.

பி பக்கம் கடைசிப் பாட்டு முடிந்த பிறகு 40 செகண்ட் மிச்சம். அங்கே பழையது அப்படியே இருந்தது. இரண்டு கிதார். பெட்டியையோ டப்பாவையோ தட்டுகிற சத்தம். ஒரு பையன் இங்கிலீஷில் பாடுகிறான், நிறுத்துகிறான். "டேய், நீ முந்திட்ட. இன்னொரு தடவை." அப்புறம் தமிழில் எண்ணுகிறான்: "ஒண்ணு, ரெண்டு, மூணு..." டேப் முடிந்துவிடுகிறது.

மெட்டு நன்றாக இருந்தது. சும்மா சொல்லவில்லை. நான் கேட்ட அந்த 40 செகண்டில் ஒரு திருப்பம் வரும். இன்றைக்கும் ரொட்டி அடுக்கும்போது வாய் தானாக முணுமுணுக்கிறது. 90 நிமிஷ டேப்பில் மீதியில் என்ன இருந்தது?

கோத்தகிரி கிராமபோன்

என் கதை சின்னது. கோத்தகிரியில் ஒரு நண்பர் வீட்டுப் பரணில் 'சிம்லா பீட் 70' கிடைத்தது. சிகரெட் கம்பெனி நடத்திய போட்டியில் வந்த குழுக்களைச் சேர்த்துப் போட்ட எல்பி. மெட்ராஸ் 'கன்ஃபியூஷன்ஸ்' அதில் உண்டு. தட்டு முழுக்க வெள்ளையாகப் பூஞ்சை. கழுவினேன். பாடியது. அழுதேன். அவ்வளவுதான்.

ஆனால் பனி தம்பி அந்தப் பெட்டியை எப்படி வைத்திருக்கிறார் என்ற கவலையில் எனக்குத் தூக்கம் வராது, அதனால் சொல்கிறேன். நம் மலையில் ரெக்கார்டைக் கெடுப்பது தூசி இல்லை, ஈரம். ஊட்டிக்காரர்களுக்கு ஆடி மழை. கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் ஐப்பசி, கார்த்திகைதான் பெரிய மழை. அதற்கு முன்னால், புரட்டாசியிலேயே எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பாருங்கள். பூஞ்சையை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள். பள்ளத்துக்குள் இன்னும் அழுந்திவிடும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் உள்ள உப்பு படியும். பேட்டரிக்கு ஊற்ற விற்கிற டிஸ்டில்ட் வாட்டர் போதும். அதில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. மெல்லிய பிரஷ்ஷால், பள்ளம் போகிற வழியிலேயே வட்டமாகத் தேய்க்க வேண்டும், குறுக்கே கூடாது. லேபிளில் தண்ணீர் படக் கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்ட் வாட்டரில் மறுபடி அலசி, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள்.

பழைய 78 தட்டு இருந்தால் ஸ்பிரிட் பக்கமே போகாதீர்கள். அது அரக்கு, ஸ்பிரிட்டில் கரையும். படுக்கப் போட்டு அடுக்காதீர்கள், நிறுத்தி வையுங்கள். கணப்பு இருக்கிற சுவருக்குப் பக்கத்தில் வைத்தால் தட்டு அப்பளம் மாதிரி வளைந்துவிடும். பழைய பங்களாக்களில் துணி அலமாரிக்குள் சின்ன பல்பு எரியவிடுவார்கள், பார்த்திருப்பீர்கள். ரெக்கார்டு அலமாரிக்கும் அது நல்லது, ஆனால் பல்பு தட்டுக்குக் கிட்டே இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் உறையில் வாயை ஒட்டி மூடினால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும். பூஞ்சை பிடித்த உள் உறையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள்.

கேத்தி கேரட் தோட்டம்

ஐயா, மற்றதெல்லாம் சரி. உள் உறையைத் தூக்கி எறியச் சொல்லாதீர்கள். பனி அண்ணா சொன்ன அந்த அம்மா பற்றிய எழுத்து எதில் இருந்தது? உள் உறையில்தானே. நீங்கள் சொன்ன மாதிரி யாராவது செய்திருந்தால் நாம் இதைப் பேசிக்கொண்டே இருக்க மாட்டோம்.

அண்ணா, வெலிங்டன் அதிகாரி என்று முடிவு கட்டாதீர்கள். ஊட்டி, கொடைக்கானல் பள்ளிகளுக்கு வெளிநாட்டு வாத்தியார்கள் எத்தனை பேர் வந்தார்கள். எனக்குக் கிடைத்தது அப்படி வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

ஊட்டி மார்க்கெட் பக்கம் பழைய பேப்பர் கடையில், பிளாஸ்டிக் பைக்குள் ஒரு சின்னத் தட்டு. சுற்றி மடித்த காகித உறை. 'எம்மாஸ் ஹவுஸ்', ஃபீல்ட் மைஸ், சாரா 12. சாரா ரெக்கார்ட்ஸ் பற்றி எனக்கு ஒரு நாள் முழுக்கப் பேச முடியும். 1987-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கிளேர் வாட், மாட் ஹேய்ன்ஸ் என்ற இரண்டு பேர் ஆரம்பித்த ரெக்கார்டு கம்பெனி. பெரும்பாலும் 7 அங்குலத் தட்டுகள். வரிசையாக எண் போட்டு வந்து, 1995-இல் நூறு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். தொகுப்பு எல்பிகளுக்கு அந்த ஊர்ப் பக்கத்துத் தெரு, பாலம், ஊர்ப் பெயர்கள். நாம் போட்டிருந்தால் அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று வந்திருக்கும். அந்த நினைப்பே எனக்கு இனிக்கும்.

ராத்திரி சாப்பாடு முடிந்து அதைப் போட்டேன். அப்பா தோட்டத்திலிருந்து வந்து, கால் கழுவிவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. பாட்டு முடியும்வரை பேசவில்லை. அப்புறம் எங்கள் படுகர் மொழியில் சொன்னார், நான் தமிழில் சொல்கிறேன்: "இந்தப் பையன் அழாமலே அழுகிறான்."

2016-இல் கேரட் விலை சுத்தமாக விழுந்த நேரம். அதை விற்றுவிட்டேன். அடுத்த வாரம் அப்பா கேட்டார், "அந்தப் பையனைப் போடு." நான் ஊசி உடைந்துவிட்டது என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. இப்போது அப்பா இல்லை. ஃபோனில் அந்தப் பாட்டு எந்த நேரமும் கிடைக்கிறது, நான் போடுவதில்லை.

கல்லட்டி 36

எல்லோரும் இங்கிலாந்து, நியூசிலாந்து என்றே போகிறீர்கள். எனக்கு இது கொஞ்சம் வருத்தம்.

1991 அல்லது 92. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு வேனில் ஏறுகிறோம். 36 கொண்டை ஊசி வளைவு. டிரைவர் மலையாளி. ஒரு கேசட் போட்டார். ஒவ்வொரு வளைவிலும் ஃபர்ஸ்ட் கியர் போட்டு இன்ஜின் கத்தும்போது பாட்டு அமுங்கும், நேர் ரோட்டில் மறுபடி எழும். ஒரு இடத்தில் கிதார் தனியாக ஏறியது, அதே நேரம் வேனும் வளைவைத் தாண்டியது. கீழே மொத்த மசினகுடியும் தெரிந்தது. அமெரிக்கக் குழு என்றே நினைத்தேன். கேட்க வாய் வரவில்லை. இருபது வருஷம் கழித்துத்தான் தெரிந்தது: கொச்சியின் 13ஏடி குழு, 'கிரவுண்ட் ஜீரோ' ஆல்பம், 1990. நமக்குப் பக்கத்து ஊர்!

வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு, எங்கேயோ யாருமே வாங்காத தட்டைத் தேடுவானேன்? நல்லதாக இருந்திருந்தால் அந்தந்த ஊரிலேயே ஓடியிருக்காதா?

கேத்தி கேரட் தோட்டம்

ஓடாததற்கும் நல்லதற்கும் சம்பந்தம் இல்லை, அண்ணா. அமெரிக்காவில் மெம்ஃபிஸ் ஊரின் பிக் ஸ்டார் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1972-இல் முதல் எல்பி. எழுதியவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள். ஆனால் தட்டைக் கடைக்குக் கொண்டு சேர்க்க வேண்டியவர்களால் முடியவில்லை. படித்துவிட்டுக் கடைக்குப் போனவனுக்குத் தட்டு இல்லை. விளைச்சல் நன்றாக இருந்தும் லாரி வராமல் வயலிலேயே அழுகிப்போன முட்டைகோஸை நான் பார்த்திருக்கிறேன். வாங்க ஆள் இல்லாமலா அழுகியது?

13ஏடி பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்தக் கேசட் யாரிடமாவது இருந்தால் எனக்கும் வேண்டும்.

செண்பகனூர்

ஏழு ரோடு தம்பிக்கு. மூன்று நாளாக உங்கள் பதிவைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். மேலே எழுதியவர்களில் ஒருவர் தனியாக எனக்கு எழுதி, அது 'சி86' கேசட்டின் நகலாக இருக்கும் என்றார். இருக்க முடியாது. அது லண்டன் பத்திரிகை ஒன்று 1986-இல் வெளியிட்ட 22 குழுக்களின் தொகுப்பு. அதில் யாரும் "நீ முந்திட்ட" என்று சொல்ல மாட்டார்கள்.

நான் கேட்க நினைப்பது இதுதான். பின்னால் மழைச் சத்தம் இருக்கிறதா? 93, 94-இல் எங்கள் ஹாஸ்டலுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்றில் சீனியர்கள் சிலர் வாசிப்பார்கள். ஒரு கிதார் சொந்தம், இன்னொன்று சர்ச்சிலிருந்து இரவல். டிரம் கிடையாது, பிஸ்கட் டின்தான். ஒரு வாத்தியார் டேப் ரெக்கார்டர் கொண்டுவந்து வைப்பார். நான் வாசலில் நின்று கேட்டவன். உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவர்களில் ஒருவர் இப்போது உயிரோடு இல்லை. அதனால்தான் கேட்கிறேன். அவர்களாக இல்லாமலும் இருக்கலாம்.

ஏழு ரோடு, கொடைக்கானல்

நேற்று ராத்திரி நண்பனின் வாக்மேனில் ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டேன். இத்தனை வருஷம் டேப் இரைச்சல் என்று நினைத்திருந்தேன், அண்ணா. சீராக இல்லை. நடுவில் கனக்கிறது, அப்புறம் குறைகிறது. மழைதான் போலிருக்கிறது. தகரமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக் கூட்டம் முடிந்ததும் அந்த 40 செகண்டை மட்டும் ஃபோனில் பதிந்து உங்களுக்கு அனுப்புகிறேன். நீங்களே கேட்டுச் சொல்லுங்கள். கோத்தகிரி ஐயா, அதற்கு முன் நான் என்ன செய்யக் கூடாது என்று சொல்லுங்கள். கை நடுங்குகிறது.

கோத்தகிரி கிராமபோன்

ரீவைண்ட் அடித்து அடித்துக் கேட்காதே தம்பி. ஹெட்டைத் துடைத்துவிட்டு, ஒரே தடவை ஓட்டு, அதிலேயே பதிந்துவிடு. அதற்கும் முன்னால், அந்த இரண்டு ஓட்டை மேல் ஒட்டிய செலோ டேப்பைப் பிரித்து எடு.